மார்ட்டின் லூதர் கிங் நாளில் நாமும் கை கொடுக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் போதும், எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். திங்கள்கிழமை லீவாமே, ஏதோ தொண்டு வேலைக்கெல்லாம் போகிறார்களாமே, நாமும் போகலாமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா, விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா. ஒவ்வொரு வருடமும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இருப்பது அட்லாண்டாவுக்குப் பக்கத்தில். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய போதகர் கிங் பிறந்த ஊர் இது. அதனால் இந்த நாளின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பற்று உண்டு, அது எழுத்தில் தெரிந்தால் தெரியட்டும்.

இந்த நாள் எப்போது வரும்?

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கள்கிழமை. கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. மூன்றாவது திங்கள் என்பதால் 15-இலிருந்து 21-க்குள் எந்தத் தேதியிலும் வரலாம். 2026-இல் ஜனவரி 19, 2027-இல் ஜனவரி 18. எப்படியும் பொங்கலை ஒட்டித்தான் வரும். 2024-இல் இரண்டும் ஒரே நாளில், ஜனவரி 15 அன்றே வந்தன.

லீவு நாள் எப்படித் தொண்டு நாள் ஆனது?

முதலில் லீவு கிடைத்ததே பெரும்பாடு. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில், ஜான் கான்யர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேற 15 வருடம் ஆனது. 1979-இல் கீழவையில் ஐந்தே ஐந்து ஓட்டில் தோற்றது. கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் விடவில்லை. பாடகர் ஸ்டீவி வொண்டர் கூட நின்றார். 60 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. கடைசியில் 1983 நவம்பர் 2 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார், முதல் விடுமுறை 1986 ஜனவரி 20 அன்று வந்தது. எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்ள 2000 வரை ஆனது.

தொண்டு என்பது அப்புறம் வந்தது. போராட்ட ஊர்வலங்களில் கிங்கோடு நடந்தவர் ஜான் லூயிஸ், எங்கள் அட்லாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவரும் செனட்டர் ஹாரிஸ் வொஃபோர்டும் சேர்ந்து ஒரு சட்டம் எழுதினார்கள்: இந்த நாளில் தூங்கி எழுந்து கடைக்குப் போவதற்குப் பதிலாக ஊருக்கு ஏதாவது செய்வோம் என்று. 1994-இல் அதிபர் கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். அந்த வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கவனித்த அரசு அமைப்புதான் இப்போது அமெரிகார்ப்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

இதற்கு விதை கிங்கே போட்டது. இறப்பதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால், 1968 பிப்ரவரி 4 அன்று, எபனேசர் தேவாலயத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். தொண்டு செய்ய யாராலும் முடியும், அதற்குக் காலேஜ் பட்டம் வேண்டாம், இலக்கணப் பிழையில்லாமல் பேசக்கூடத் தெரிய வேண்டாம் என்றார். என் இறுதிச் சடங்கில் நோபல் பரிசைப் பற்றிப் பேசாதீர்கள், பசித்தவனுக்குச் சோறு போட முயன்றான் என்று சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவைத்தான் அவருடைய இறுதிச் சடங்கில் போட்டார்கள்.

அதெல்லாம் அவர்கள் வரலாறு. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் கோபப்படுவதில்லை, ஆனால் பதிலை நீளமாகச் சொல்லாமல் விடுவதுமில்லை.

1917-இலிருந்து 1946 வரை இந்தியர்கள் இந்த நாட்டில் குடியேறவே சட்டம் இடம் தரவில்லை. 1946-இல் வந்த சட்டம் தந்த இடம் எவ்வளவு தெரியுமா? மொத்த இந்தியாவுக்கும் வருடத்துக்கு 100 பேர். எந்த நாட்டில் பிறந்தாய் என்று பார்த்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் அன்றைய சட்டம். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே வருடம் அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். மூன்றும் ஒரே அலையில் வந்தவை. நிறத்தையும் பிறந்த இடத்தையும் பார்த்து மனிதனை எடைபோடுவது தப்பு என்று தெருவில் இறங்கி அடிவாங்கியவர்கள் கறுப்பின மக்கள். அதனால் திறந்த வாசலில் டாக்டராகவும் இன்ஜினீயராகவும் உள்ளே வந்தவர்கள் நாம். நம் பிள்ளை எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேரலாம், நாம் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம் என்பதும் அவர்கள் கட்டிய வழக்கமும் சட்டமும்தான்.

வருடத்தில் ஒரு திங்கள்கிழமை காலை மூன்று மணி நேரம் கேட்கிறார்கள். பட்ட கடனில் வட்டிக்குக்கூட அது காணாது என்பது என் எண்ணம்.

கிங் தமிழ்நாட்டுக்கு வந்தாரா?

வந்தார். 1959 பிப்ரவரியில் கொரெட்டாவுடனும், வரலாற்றுப் பேராசிரியர் லாரன்ஸ் ரெடிக்குடனும் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். மெட்ராஸ், காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி எல்லாம் அந்தப் பயணத்தில் இருந்தன. குமரி முனையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் கடலுக்குள் இறங்குவதையும் இன்னொரு பக்கம் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்ததை ஊர் திரும்பியதும் தன் சபையில் விவரித்தார். இருட்டும்போது இன்னொரு வெளிச்சம் வருகிறது என்று அதைக் கொண்டு பேசினார்.

ஆனால் பிள்ளைகளிடம் நான் சொல்வது திருவனந்தபுரத்தில் நடந்த கதையை. தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அவரைக் கூட்டிப்போனார்களாம். தலைமையாசிரியர் மாணவர்களிடம் அவரை அறிமுகப்படுத்தியபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்று பட்டது. பிறகு தன் நாட்டில் ரெண்டு கோடி கறுப்பின மக்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டாராம். 1965-இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது இது. சாதியைப் பற்றிப் பேச்செடுக்காமல் கிங்கைக் கொண்டாடும் நம்மவர் கூட்டங்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

கிங் நாளில் நடை, யோகா, ரத்த அழுத்தப் பரிசோதனை என்றெல்லாம் வைக்கிறார்களே, உடல்நலத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

நிறைய. 1966 மார்ச்சில் சிகாகோவில் மருத்துவர்கள் கூடிய இடத்தில் பேசும்போது, எல்லா ஏற்றத்தாழ்விலும் கொடுமையானது உடல்நலத்தில் காட்டும் ஏற்றத்தாழ்வுதான், ஏனென்றால் அது ஆளையே கொன்றுவிடுகிறது என்ற கருத்தில் பேசினார்.

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. அட்லாண்டாவின் பெரிய அரசு மருத்துவமனை கிரேடி. வெள்ளையருக்கு ஒரு பகுதி, கறுப்பினத்தவருக்கு ஒரு பகுதி என்று பிரிந்திருந்ததால், ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதை 'த கிரேடீஸ்' என்று பன்மையில்தான் சொல்கிறார்கள். ரத்தத்தையே பிரித்து வைத்தார்கள்: செஞ்சிலுவைச் சங்கம் 1950 வரை, கொடுத்தவரின் இனத்தைப் பாட்டிலில் குறித்து வைத்தது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் தொடங்கியபோது, நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களில் தங்கள் சுவர்களை எடுத்தன.

ஆகவே ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் யாரோ ஒரு நர்ஸ் இலவசமாக பிரஷர் பார்க்கிறார் என்றால், கிங் பெயரில் அதைச் செய்வதற்கு முழு நியாயம் இருக்கிறது.

நடைப்பயணம் எதற்கு? எல்லா ஊரிலும் வைக்கிறார்களே.

அந்த இயக்கமே நடந்து வளர்ந்ததுதான். பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரித்ததை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் மான்ட்கோமரி நகரின் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கூலிக்காரர்கள், கிழவிகள் எல்லோரும் மழையிலும் வெயிலிலும் நடந்தார்கள். கிங் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். காரில் போன ஒருவர், நடந்துகொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவைப் பார்த்து ஏறிக்கொள்ளச் சொன்னாராம். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அவர் சொன்னாராம்: நான் எனக்காக நடக்கவில்லை, என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் நடக்கிறேன். பிறகு 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு, செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல், ஐந்து நாள் நடை.

நீங்களே ஒரு நடை ஏற்பாடு செய்வதென்றால் பூங்காவில் இரண்டு மைல் போதும். அரை மைலுக்கு ஓர் இடத்தில் நின்று ஒருவர் ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு நிகழ்வைச் சொல்லட்டும். எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1963-இல் பர்மிங்ஹாமில் போலீஸ் நாய்களுக்கும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கும் நடுவே ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். பெரியவர்கள் யாரும் அடுத்த அரை மைலுக்குப் பேசவில்லை. பொதுப் பூங்காவில் 20, 25 பேருக்கு மேல் கூடினால் முன் அனுமதி கேட்கும் ஊர்களும் உண்டு, நகராட்சியில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் வைத்தால் நல்லது, ஜனவரிக் குளிர் அதற்கு முன் பிள்ளைகளை வாட்டிவிடும்.

முதல் தடவை போகிறோம். எந்த வேலைக்குப் போகலாம்?

உணவு வங்கியில் பொட்டலம் பிரிப்பது, பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, ஓடைக்கரை, தெரு சுத்தம் செய்வது, முதியோர் இல்லத்துக்குப் போவது, வீடில்லாதவர்களுக்குச் சோப்பு, பேஸ்ட், காலுறை போட்டுப் பை கட்டுவது, இதெல்லாம் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். டிசம்பர் கடைசியிலேயே பதிவு செய்துவிடுங்கள். இந்த ஒரு நாளுக்கு மட்டும் கூட்டம் அலைமோதும், ஜனவரி பத்துக்கு மேல் தேடினால் இடம் கிடைப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால் குப்பை அள்ளும் வேலைக்குப் போங்கள் என்பேன். காரணம் உண்டு. கிங் கடைசியாக மெம்ஃபிஸ் போனது தூய்மைப் பணியாளர்களுக்காக. 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்ற இரண்டு தொழிலாளிகள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென ஓடியதில் அதிலேயே சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகும் மனிதர்களின் செய்தியைப் படித்து வளர்ந்த நமக்கு இது வேற்றுக் கதையாகத் தெரியாது. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தெருவோரக் குப்பை பொறுக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

உணவு வங்கிக்கு என்ன கொடுப்பது? சமைத்துக் கொண்டுபோகலாமா?

சமைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதல் வருடம் நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து, ராத்திரி கண் விழித்து நூறு பேருக்குச் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு ஒரு தங்கும் விடுதிக்குப் போனோம். வீட்டில் சமைத்ததை வாங்கச் சுகாதார விதி இடம் தராது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். முன்கூட்டி ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அத்தனை சாதத்தையும் எங்கள் வீடுகளிலேயே பங்கு போட்டுச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு ரொம்ப ஏமாற்றம். சூடான சோறுதான் போட வேண்டுமென்று ஆசைப்பட்டால், அனுமதி பெற்ற சமையற்கூடம் வைத்திருக்கும் தேவாலயமோ குருத்வாராவோ இருக்கும்; அங்கே போய் அவர்களோடு சேர்ந்து சமையுங்கள்.

பொருளாகக் கொடுப்பதென்றால் உப்பு சேர்க்காத டின் பயறு, கொண்டைக்கடலை, தக்காளி, சிறு பொட்டலமாக அரிசி, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய். டின் என்றால் கையால் இழுத்துத் திறக்கும் மூடி உள்ளதாகப் பாருங்கள், வாங்குகிறவரிடம் டின் திறப்பான் இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம். வீட்டு அலமாரியில் தேதி முடியப்போவதைத் தள்ளிவிடும் இடமாக மட்டும் அதை நினைக்காதீர்கள். பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவர்கள் மொத்த விலையில் வாங்குவதால் நம் பத்து டாலரில் நாம் வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்குவார்கள்.

ரத்த தானம் செய்யலாமா? போன மாதம்தான் சென்னை போய் வந்தேன்.

இது நம்மவர்கள் பலரும் ஏமாந்து திரும்பும் இடம், கவனமாகப் படியுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் பயணம் போய் வந்தால் பொதுவாக மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாட்டில் வாழ்ந்துவிட்டு இங்கே குடிவந்தவர் என்றால் வந்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். இந்தியாவின் பல பகுதிகள் இந்தக் கணக்கில் வரும். மார்கழிக் கச்சேரிக்குப் போய்விட்டு ஜனவரியில் திரும்புகிறவர்களுக்கு அநேகமாக அந்த நாளில் கொடுக்க முடியாது. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், எந்த ஊர்களில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு முகாமுக்குப் போகும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி எடை குறைந்தது 110 பவுண்டு, முழு ரத்தம் கொடுத்து 56 நாள் ஆகியிருக்க வேண்டும், ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13. நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் இந்த 12.5-இல்தான் நின்றுவிடுகிறார்கள். திருப்பி அனுப்பினால் வருத்தப்பட்டுக்கொண்டு வந்துவிடாமல், அதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் நாள் ராத்திரி நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

ஜனவரி இங்கே தேசிய ரத்ததான மாதமும்கூட. பனியாலும் காய்ச்சலாலும் கொடுப்பவர்கள் குறையும் காலம். கிங்கே 1958-இல் ஹார்லெமில் ஒரு கடையில் கடிதம் பிரிக்கும் கத்தியால் நெஞ்சில் குத்தப்பட்டார். கத்தி முனை பெருந்தமனியை ஒட்டி நின்றது. தும்மியிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னதாக அவர் கடைசிப் பேச்சில்கூட நினைவுகூர்ந்தார். ஹார்லெம் மருத்துவமனையின் கறுப்பின, வெள்ளை இன மருத்துவர்கள் சேர்ந்து அவரைக் காப்பாற்றினார்கள். அவர் அப்போது போயிருந்தால் செல்மாவும் இல்லை, 'எனக்கொரு கனவு உண்டு' என்று அவர் பேசிய வாஷிங்டன் பேரணியும் இல்லை.

எங்கள் தமிழ்ச் சங்கமே ஒரு பரிசோதனை முகாம் வைக்கலாமா?

தாராளமாக. நம் கூட்டத்தில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு மட்டும் சங்கக் கட்டடத்தில் வைத்துக்கொள்வதைவிட, டாக்டரைப் பார்க்க வசதியில்லாதவர்கள் வந்து போகிற இடத்துக்கு நாம் போவது மேல். லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது: 52 முடிதிருத்தும் கடைகளில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தாளர் கடைக்கே வந்து அளந்து, மருந்தும் எழுதித் தந்தார். ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடி வெட்டுகிறவர் அறிவுரை மட்டும் சொன்ன பிரிவில் 9 புள்ளிதான். நம்பிக்கை உள்ள இடத்துக்கு வைத்தியம் நடந்து போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. கூடவே, அளந்துவிட்டுப் போவது மட்டும் போதாது, மருந்தும் தொடர் கவனிப்பும் வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி. அதனால் அழுத்தம் கூடுதலாக இருப்பவரை எங்கே அனுப்புவது, கட்டணம் குறைந்த கிளினிக் எது என்று முன்பே விசாரித்து, போன் எண்ணோடு ஒரு தாள் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது அவசரம் வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கால் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். அரை மணிக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. மேல் அழுத்தம் 120-க்கும் கீழ் அழுத்தம் 80-க்கும் குறைவாக இருந்தால் நல்லது. மேலே 130-ஐயோ கீழே 80-ஐயோ எட்டினாலே இங்கே உயர் அழுத்தம் என்கிறார்கள்.

நம்மவர்களும் கை நீட்டி அளந்துகொள்ளுங்கள். தெற்காசியர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் இளம் வயதிலேயே வருகின்றன. சர்க்கரைப் பரிசோதனைக்கு மற்றவர்களுக்கு உடல் நிறை குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 25 என்றால், ஆசிய வம்சாவளியினருக்கு 23-இலேயே பார்க்கச் சொல்கிறார்கள். தொப்பை தெரியவில்லையே என்று இருந்துவிட வேண்டாம்.

யோகா, தியானம் என்று வைப்பது கிங் பெயரை மெலிதாக்குவது ஆகாதா?

வேறு எதுவும் இல்லாமல் அது மட்டும் என்றால், ஆகும். ஆனால் ஓய்வையும் மனநலத்தையும் அவர் கதையிலிருந்து பிரிக்க முடியாது. 1964 அக்டோபரில் நோபல் பரிசுச் செய்தி வந்தபோது கிங் எங்கே இருந்தார் தெரியுமா? அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில். அலைந்து அலைந்து உடம்பு சோர்ந்துபோய்ச் சேர்ந்திருந்தார், கொரெட்டா போன் செய்து சொன்னார். வயது 35. பரிசுப் பணம் ஏறக்குறைய 54,000 டாலரையும் இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். கொலை மிரட்டலும் உளவுத் துறையின் ஒட்டுக்கேட்பும் தினமும் கூடவே இருந்தன.

ஊருக்கு உழைக்கிறவர்கள் சோர்ந்துபோவதை நாம் கண்டுகொள்வதில்லை. உங்கள் ஊரில் வருடம் முழுக்க உணவு வங்கி நடத்துகிறவர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் அந்த நாளில் ஒரு மணி நேர மூச்சுப் பயிற்சியும் சூடான தேநீரும் கொடுங்கள், பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் எனக்குப் பிடித்த யோகா வகுப்பு.

எச்-1பி வேலை விசாவில், அல்லது அந்த விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கிறேன். தொண்டு வேலை செய்யலாமா?

சம்பளமோ அதற்கு ஈடான எதுவுமோ வாங்காமல், ஒரு தொண்டு நிறுவனத்தில், வழக்கமாகவே தொண்டர்கள் செய்கிற வேலையைச் செய்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. உணவுப் பொட்டலம் கட்டுவது, மரம் நடுவது எல்லாம் இதில் வரும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்வதுதான் வம்பு. வாராவாரம் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தருவது, வெப்சைட் செய்து தருவது போன்றவற்றில் இறங்கும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிள்ளைகளை எந்த வயதிலிருந்து கூட்டிப்போகலாம்?

இடத்துக்கு இடம் மாறும். கிடங்கு வேலைக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், பெரியவர் கூட இருக்க வேண்டும் என்பார்கள், பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் கேட்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாழ்த்து அட்டை வரைவதும் காலுறையை ஜோடி சேர்ப்பதும் போதும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளியில் காட்ட வேண்டிய தொண்டு மணிக்கணக்குக்காக வருகிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை, எதற்காக வந்தாலும் வந்து பார்க்கட்டும். பள்ளிப் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம்.

கிங் கனவு கண்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர் ஜெயிலுக்குப் போனார், சட்டத்தை மீறினார், ஏன் மீறினார் என்பதையும் எட்டு வயதுக்கு மேல் சொல்லலாம், புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு நாள் வேலை, நாலு போட்டோ. இதனால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்களே?

நியாயமான கேள்வி. இங்கே கறுப்பின நண்பர்களே இதைக் கேட்கிறார்கள். கிங் தர்மம் செய்யச் சொல்லி உயிர் விடவில்லை. கூலி, வீடு, ஓட்டு, போர் என்று அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காததையெல்லாம் பேசினார். 1966-இல் காலப் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்காது என்றார்கள். இன்றைக்கு எல்லோரும் மாலை போடுகிறார்கள். சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு, அந்தப் பள்ளிக்கு ஏன் வண்ணம் அடிக்கக் காசில்லை என்று கேட்காமல் வந்தால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

நாங்கள் இப்போது இப்படிச் செய்கிறோம். போகும் இடத்தில் முதலில் கேட்கிறோம்: உங்களுக்கு என்ன வேண்டும், எந்த மாதத்தில் ஆள் குறைவு? ஒரு உணவு வங்கியில் சொன்னார்கள், ஜனவரியில் ஆட்களை வைக்க இடமில்லை, ஜூலையில் ஒருவரும் வருவதில்லை, அப்போதுதான் பள்ளி மூடி, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் இல்லாமல் போகிறது என்று. அதிலிருந்து நான்கு குடும்பங்கள் ஜூலை சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டோம். குடியுரிமை வாங்கியவர்கள் ஊராட்சி, பள்ளி வாரியத் தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போடுங்கள், அதற்கும் அந்த 54 மைல் நடைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. படம் எடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: உதவி வாங்க வரிசையில் நிற்கிறவர் முகம் படத்தில் வரவே கூடாது.

பொங்கல் விழாவோடு சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம், நாங்கள் வைத்திருக்கிறோம். ஆனால் பொங்கல் மேடையில் கிங் படத்துக்குப் பூப் போட்டு முடித்துவிடாமல், காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு மதியம் விழாவுக்கு வரும்படி அமையுங்கள். கூட வேலை செய்த மற்ற தொண்டர்களையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் இனிப்பைக் குறையுங்கள், பிரஷரும் சர்க்கரையும் அளந்த கையோடு வருகிறோம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். இங்கிலீஷ் பேச வராது. அவர்களைக் கூட்டி வரலாமா?

கட்டாயம் கூட்டி வாருங்கள். கம்பளி மாதிரியான துணியின் ஓரத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, இரண்டு துணியைச் சேர்த்து முடிச்சுப் போட்டுப் போர்வை செய்யும் வேலை பல இடங்களில் இருக்கும், தையல் வேண்டாம், பாஷையும் வேண்டாம். போன முறை என் அம்மா ஒரு தேவாலயக் கூடத்தில் எழுபது தாண்டிய ஒரு கறுப்பினப் பாட்டியோடு உட்கார்ந்து காலை முழுக்க முடிச்சுப் போட்டார். அம்மா தமிழில் பேசினார், அந்தம்மா இங்கிலீஷில் பேசினார், இருவரும் மாறி மாறி முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் நாலு போர்வை முடிந்தது.

காதை மூடும் குல்லாவும் வழுக்காத செருப்பும் போட்டுக் கூட்டி வாருங்கள், வண்டி நிறுத்தும் இடத்தில் உறைபனி இருக்கும். பயண மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். மதிய மாத்திரையை மறந்துவிடாதீர்கள், வேலை சில சமயம் ஒரு மணி வரை இழுத்துவிடும்.